லுலு நமது ஊருக்கு வருமா?

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பியிருக்கும் எவரோடும் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். சம்பளம், கபீல், அறை வாடகை, வெயில் என்று எல்லாம் பேசி முடிந்த பின்னர் பேச்சு எப்படியோ லுலுவில் வந்து நிற்கும். "அங்க லுலுவில இது இவ்வளவுதான்" என்று தொடங்கி, "நம்மட பக்கம் ஒண்டு வந்தா எப்படி இருக்கும்" என்று முடியும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் இது ஓரிருவரின் ஆசையாக இல்லை. ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் யாரோ ஒருவர் "லுலு இலங்கைக்கு வருகுதாம்" என்று ஒரு வரி போட்டால் போதும். "மாஷா அல்லாஹ்", "இன்ஷா அல்லாஹ்", "கல்முனைக்கும் வருமா?" என்று பதில்கள் வரிசையாக விழுந்துவிடும். எங்கிருந்து வந்த செய்தி என்று கேட்பவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்த ஆசையைச் சிரித்துவிட்டுக் கடந்து போக எனக்கு மனமில்லை. ஒரு சமூகம் ஒரு கடைக்காக ஏங்குகிறது என்றால், இருக்கின்ற கடைகளில் ஏதோ கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் வியாபாரச் சமூகம் என்று மற்றவர்களும் சொல்லி, நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்ற ஒரு சமூகம், இன்னொருவரின் கடைக்காகக் காத்திருக்கிறது.

லுலு என்றால் அரபியில் முத்து. அபூதாபியைத் தலைமையகமாகக் கொண்ட அந்தக் குழுமத்தின் தலைவர் எம்.ஏ. யூசுப் அலி, கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள நாட்டிகா என்ற கரையோர ஊரைச் சேர்ந்தவர். 1973 டிசம்பர் கடைசியில் அபூதாபிக்குப் போய், குடும்பத்தவர் ஒருவர் அங்கு நடத்தி வந்த வியாபாரத்தில் சேர்ந்தவர். 2000ஆம் ஆண்டில் துபாயில் அவர்களது முதலாவது ஹைப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டது. இன்று ஆறு வளைகுடா நாடுகளிலும் 240க்கும் மேற்பட்ட கடைகள். 2024 நவம்பரில் அபூதாபி பங்குச் சந்தைக்குப் போனபோது திரட்டிய தொகை 1.72 பில்லியன் டொலர். நமது வாப்பாமாரும் காக்காமாரும் விமானம் ஏறத் தொடங்கிய அதே காலப்பகுதியில், நம்மைப் போன்ற ஒரு கரையோர ஊரிலிருந்து, நம்மைப் போலவே பிழைப்புத் தேடிப் போன ஒரு குடும்பத்தின் கடை அது. இதைப் பிறகு மீண்டும் பேச வேண்டும்.

லுலுவில் அப்படி என்னதான் இருக்கிறது? சாமான் நிறைய இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். மலையாளிக்கு மத்தி மீனும் குத்தரிசியும், பிலிப்பைன்காரருக்கு அவரது சோஸ் போத்தல், எகிப்தியருக்கு அவரது சீஸ், நம்மவருக்கு மஞ்சி பிஸ்கட்டும் மாசியும் கித்துல் பாணியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. ஓணத்துக்கு இலைச் சாப்பாடு, தீபாவளிக்கு இனிப்பு, நத்தாருக்கு கேக், நோன்புக்குப் பேரீச்சம்பழ மலை. கடையின் உரிமையாளர் முஸ்லிம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை "முஸ்லிம் கடை" என்று யாரும் சொல்வதில்லை. எல்லோருக்குமான கடை அது.

மற்றப் பாதிப் பதிலை எனக்குச் சொன்னவர் என் மாணவி ஒருத்தியின் உம்மா. பத்து வருடங்களுக்கு மேலாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். எசமானியோடு கிழமைக்கு ஒருமுறை கடைக்குப் போவாராம். "எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வெச்சாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க டீச்சர். அது ஒண்டுதான் எனக்குப் புடிச்சது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நமது பலசரக்குக் கடை முதலாளிமார் எல்லோரும் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏனெனில் நமது கடைகள் ஆண்களின் இடமாகவே அமைந்திருக்கின்றன. முன்னால் ஒரு உயரமான மேசை, அதற்கு அப்பால் சாமான், இப்பால் நாம். வேண்டியதைச் சத்தமாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டு இரண்டு பேர், பீடியோடு ஒருவர். ஒரு பெண் தனக்குத் தேவையான மாதாந்தச் சாமானை வாங்க இந்த மேசைக்கு முன்னால் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது ஆண்களுக்குத் தெரியாது. கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தருவார். அவரும் நல்ல மனிதர்தான், மரியாதைக்குத்தான் அப்படிச் செய்கிறார். ஆனால் இறாக்கையிலிருந்து தானே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருகிற வசதி இருந்தால் அந்த மரியாதையே தேவைப்படாது. ஆகவேதான் சின்னப் பிள்ளையைத் துண்டுச் சீட்டோடு கடைக்கு அனுப்பும் வழக்கம் நமது ஊர்களில் இன்னும் இருக்கிறது.

அடுத்தது விலை. இங்கே ஒரே சோப்பு மூன்று கடைகளில் மூன்று விலை. நம்மைப் பார்த்து, நமது உடுப்பைப் பார்த்து, நாம் யாருடைய மகள் என்று பார்த்து விலை சொல்லும் கடைகளும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரி விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். நமது பசாரில் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பாருங்கள், சிகரெட் பெட்டியின் உள்மட்டையில் கூட்டிக் கழித்து ஒரு எண்ணைத் தருவார்கள். காலாவதித் திகதியைப் புரட்டிப் பார்த்தால் "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கிறது காக்கா, திகதியும் இருந்தால் நல்லது.

கூட்டு நிறுவனங்களின் சுப்பர் மார்க்கெட்டுகள் நமது நாட்டில் இல்லாமலில்லை. கார்கில்ஸ் நிறுவனம் 1983இல் கொழும்பில் முதலாவது புட் சிட்டியைத் திறந்தது. அதற்குப் பிறகு கீல்ஸ், ஆர்ப்பிக்கோ, குளோமார்க் என்று பல வந்துவிட்டன. கிழக்கின் நகரங்களுக்கும் அவை வருகின்றன, நமது பெண்கள் அங்கும் போகிறார்கள். ஆனால் சில கிளைகளில் ஒரு மூலையில் மதுபானப் பகுதி, ஒரே குளிரூட்டிக்குள் கோழி சொசேஜஸுக்குப் பக்கத்தில் பன்றி இறைச்சித் தயாரிப்பு என்று கிடக்கும்போது மனம் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு பக்கற்றையும் புரட்டி, ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது, அந்த 'ஈ' இலக்கம் என்ன என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. லுலுவில் அந்தத் தேடல் பெருமளவு தேவையில்லை என்பதுதான் நம்மவருக்கு நிம்மதி.

இந்த ஹலால் விடயத்தில் நமக்கு ஒரு பழைய காயமும் உண்டு. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கி வந்த ஹலால் சான்றிதழுக்கு எதிராக 2013இன் தொடக்கத்தில் பொது பல சேனா நடத்திய பிரசாரம் நினைவிருக்கும். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் திகதி, உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் ஹலால் இலச்சினை கட்டாயமில்லை என்று அறிவிக்க வேண்டிய நிலைக்கு உலமா சபை தள்ளப்பட்டது. 2014 ஜனவரியிலிருந்து எச்.ஏ.சி. என்று அறியப்படும் தனி நிறுவனம் அந்தப் பணியைப் பொறுப்பேற்றது. இன்று பல பொருட்களில் அந்த இலச்சினையைக் காண்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று நடந்ததில் ஒன்றை நமது பாமர மக்களும் புரிந்துகொண்டார்கள். நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு பக்கற்றில் எழுதுவதற்கே நாடு முழுவதும் விவாதம் நடக்க முடியும். லுலுவுக்கான ஏக்கத்தின் அடியில் இந்தக் களைப்பும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, லுலு வருமா? நான் பொருளியலாளர் அல்ல. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் சில விடயங்கள் விளங்கும். சில்லறை வியாபாரத்தில் வெளிநாட்டவர் இறங்குவதானால் குறைந்தது 5 மில்லியன் டொலர் முதலீடு செய்ய வேண்டும் என்பது நமது நாட்டின் விதி. லுலுவுக்கு அது சில்லறைக் காசு. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டவருக்கு அரைப் பங்கும் அதற்கு மேலும் உரித்தான கம்பனி இங்கே காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் பெரிய தடையில்லை. உண்மையான தடை வேறு. லுலுவின் பலம் உலகின் பல மூலைகளிலிருந்தும் சாமானை நேரடியாக இறக்கி அடுக்குவதில் இருக்கிறது. 2020இல் மஞ்சளைக்கூட இறக்க விடாத நாடு இது. 2022இல் எரிவாயுக் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமல் நின்ற நாடு. இன்று நிலைமை மாறியிருக்கிறது, தடைகள் பெரும்பாலும் நீங்கியிருக்கின்றன. ஆனாலும் சுங்கத் தீர்வை, செஸ் வரி, 18 வீத வற் வரி, 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பின், தோஹாவில் 5 ரியாலுக்குப் பார்த்த சாமான் இங்கே அந்த விலைக்கு வரப்போவதில்லை. நம்மவர் நினைவில் வைத்திருப்பது லுலுவை மட்டுமல்ல, வரி குறைந்த ஒரு நாட்டில், ரியால் சம்பளத்தோடு லுலுவுக்குள் நுழைந்த தன்னையும்தான்.

யூசுப் அலியின் சொந்த மாநிலத்துக்கு அந்தப் பெயரில் பெரிய கடைத்தொகுதி வந்தது 2013 மார்ச்சில், கொச்சியில். அவர் ஊரை விட்டுப் போய் ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்குப் பிறகு. இலங்கைக்கு வருவதானாலும் முதலில் கொழும்புக்குத்தான் வரும். பிறகு கண்டி, நீர்கொழும்பு. கல்முனைக்கு வரும்போது இன்று இந்தக் குழுமங்களில் "இன்ஷா அல்லாஹ்" போடுகிறவர்களின் பேரப்பிள்ளைகள் கூடையைத் தள்ளிக்கொண்டு போகக்கூடும்.

வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நமது ஊர்க் கடைகளுக்கு என்ன நடக்கும்?

இங்கேதான் எனக்கு மனம் இரண்டாகப் பிளக்கிறது. மேலே கடைக்காரரைப் பற்றி நான் எழுதிய குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் 2022இன் கணக்கையும் எழுத வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அரச சம்பளக்காரியான எனக்கே மாதத்தின் மூன்றாம் கிழமை பயமாக இருந்தது. நாட்கூலிக்குப் போகிறவர், கடலுக்குப் போகிறவர் வீட்டில் என்ன நடந்திருக்கும்? எங்கள் பக்கத்தில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு ஒரு காரணம் கடன் கொப்பி. "எழுதிக்க காக்கா, பெருநாளைக்குள்ள தாறன்." அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, அடகு இல்லை, வட்டி இல்லை. அந்தக் கொப்பிகளில் சில இன்றும் தீர்க்கப்படாமல் இருக்கின்றன என்பதையும், சில கடைக்காரர்கள் நோன்பு காலத்தில் பக்கங்களைக் கிழித்துப் போட்டார்கள் என்பதையும் நான் அறிவேன். எந்தச் சுப்பர் மார்க்கெட்டின் கணினியிலும் அப்படியொரு பக்கம் இல்லை. கடனட்டை இருக்கிறது, அதற்கு வட்டி இருக்கிறது.

பெரிய கடை வந்தால் முதலில் போவது காசோடு வாங்கும் வாடிக்கையாளர். ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், வெளிநாட்டுக் காசு வரும் குடும்பம். கடனுக்கு வாங்குபவர் மட்டும் சின்னக் கடைக்கு மிஞ்சுவார். காசு வாடிக்கையாளர் தரும் புரள்வில்தான் கடன் கொப்பி ஓடுகிறது. அது நின்றால் கொப்பியும் நின்றுவிடும். ஏழைகளின் பாதுகாப்பு, ஏழை அல்லாதவர்கள் அதே கடையில் வாங்குவதில் தங்கியிருக்கிறது என்பதை நான் இந்த விடயத்தை யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிதாக, வெளிப்படையாக நிற்கும் கடை நமக்கு எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 2013 மார்ச் 28ஆம் திகதி பெபிலியானையில் பெஷன் பக் தாக்கப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கம, தர்கா நகர், பேருவளை எரிந்த அதே நாட்களில் பாணந்துறையில் நோ லிமிட் எரிந்தது. 2018இல் அம்பாறையிலும் திகனையிலும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முதலில் இலக்கானவற்றில் கடைகள் இருந்தன. 2019 ஜூனில் மகாநாயக்க தேரர் ஒருவரே முஸ்லிம் கடைகளைத் தவிர்க்குமாறு பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. லுலு வந்தால் அது வெளிநாட்டு முதலீடு, அதன்மீது கைவைக்கமாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவைப் பாருங்கள். 2022 ஜூலையில் லக்னோவில் லுலுவின் கடைத்தொகுதி திறக்கப்பட்டது, திறந்து வைத்தவர் முதலமைச்சர் யோகி ஆதித்யநாத். சில நாட்களுக்குள், அதற்குள் சிலர் தொழுத காணொளி ஒன்று வெளியாகி, ஆர்ப்பாட்டம், வழக்கு, கைது என்று போனது. கடைசியில் இங்கே தொழுகைக்கு அனுமதியில்லை என்று நிர்வாகமே பலகை வைத்தது. தமிழகத்தில் 2022 மார்ச்சில் முதலமைச்சர் ஸ்டாலின் அபூதாபியில் லுலுவோடு 3,500 கோடி இந்திய ரூபா பெறுமதியான ஒப்பந்தம் செய்தபோது, பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை எதிர்த்தார். சொல்லப்பட்ட காரணம் சிறு வியாபாரிகள் பாதிக்கப்படுவார்கள் என்பது. அந்தக் காரணம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். எல்லாப் பெரிய கடைகளுக்கும் அதே குரல் எழும்பியதா என்று மட்டும் கேட்பேன். எப்படியோ, 2023 ஜூனில் கோயம்புத்தூரில் கடை திறக்கப்பட்டது, இன்று எல்லா மதத்தவரும் அங்கே வாங்குகிறார்கள்.

ஆகவே பயந்து ஒதுங்குவதும் பதிலல்ல. ஆனால் வெளியாரின் பெயர்ப்பலகை நமக்குக் குடை பிடிக்கும் என்று நம்புவதும் பதிலல்ல.

இப்போது முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். அதே கரையோரம், அதே வளைகுடா, அதே காலம். நாட்டிகாவிலிருந்து போன குடும்பத்தின் கடை 240 கடையானது. அந்த ஒரு குடும்பத்தின் கதையை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமில்லைதான், கேரளத்திலிருந்தே இலட்சக்கணக்கில் போனவர்களில் யூசுப் அலி ஒருவர். இருந்தாலும் நமது பக்கத்திலிருந்து போன பணம் எங்கே போனது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பதில் நமது ஒழுங்கைகளில் நிற்கிறது. வீடுகள். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அரிது. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வாப்பா போதாமல் காக்காவும் போய் உழைக்க வேண்டும், சில வீடுகளில் உம்மாவே போக வேண்டும். நாற்பது வருடக் குவைத்துக் காசும் சவூதிக் காசும் சீமெந்தாகவும் தரை ஓடாகவும் கிடக்கின்றன. பாதி வீடுகளின் மேல்மாடி பூசப்படாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு பசாருக்கு முதலாக வந்திருந்தால், இன்று லுலுவுக்காகக் காத்திருக்கும் பேச்சே வந்திராது. சீதன வீட்டை மார்க்க மேடைகளில் எதிர்த்துப் பேசுகிறோம், நல்லது. அதன் பொருளாதார விலையையும் யாராவது கூட்டிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள். வணிகப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுக்கும் பையனிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் வங்கி என்பான், கணக்காளர் என்பான், எப்படியாவது அரச உத்தியோகம் என்பான். கடை என்று சொன்ன ஒருவனையும் நான் காணவில்லை. கடைக்காரரின் மகனும் சொல்வதில்லை. வாப்பாவும் விரும்புவதில்லை: "நான் நிண்டது போதும், இவன் படிச்சி முன்னுக்கு வரட்டும்." கடையை நடத்தப் படிப்பு தேவையில்லை என்று நாம் முடிவு கட்டியதால்தான் நமது கடைகள் படிக்காமல் நிற்கின்றன. இருப்புக் கணக்கு, கொள்வனவுத் திட்டம், குளிரூட்டலின் வெப்பநிலை, வாடிக்கையாளரின் முறைப்பாட்டை எப்படிக் கையாள்வது என்பவை எல்லாம் படித்தவரின் வேலை. லுலுவில் அதைச் செய்பவர்களில் நமது ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோஹாவில் களஞ்சியப் பொறுப்பாளராக, காசாளராகப் பத்து வருடம் பழகிவிட்டு ஊருக்கு வந்து முச்சக்கரவண்டி வாங்குகிறார்கள்.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் கடினம். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஆசிரியைக்கும் தெரியும். பெண்கள் வந்து வாங்கும் கடையில் பெண்கள் காசாளராக, விற்பனை உதவியாளராக நிற்பதில் என்ன தடை? ஹிஜாபோடு, பகல் நேரத்தில், பெண்கள் பகுதியில் நிற்கலாம், 12 வீதமும் 8 வீதமுமாக ஊழியர் சேமலாப நிதியும் சேரும். இதைப் பேசினால் ஊரில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளையின் உம்மாவை மஹ்ரம் இல்லாமல் குவைத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் அனுப்பியபோது அவர்கள் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

ஸ்பார் என்று ஒரு கடைத்தொடர் இலங்கைக்கும் வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1932இல் நெதர்லாந்தில் அது தொடங்கிய விதம் நமக்குப் பாடமாகக்கூடியது. பெரிய கடைத்தொடர்கள் விலையைக் குறைத்து விழுங்கத் தொடங்கியபோது, ஒரு மொத்த வியாபாரி தன்னிடம் வாங்கும் தனித்தனிச் சிறு கடைக்காரர்களை ஒன்று சேர்த்தார். கடை அவரவருடையது. கொள்வனவு கூட்டாக. பெயர்ப்பலகையும் தரமும் ஒன்று. ஒற்றுமையாக ஒத்துழைத்தால் எல்லோருக்கும் இலாபம் என்ற பொருள்படும் டச்சுச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அதன் முதற்பெயர். நமது நாட்டில் 1957இல் தொடங்கிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் எண்ணமும் இதற்கு மிகத் தூரமானதல்ல. அது அரசியல்வாதிகளின் கைக்குப் போய் என்னவானது என்பதை விளக்கத் தேவையில்லை.

நமது கரையோரத்தில் இதைச் செய்ய என்ன தேவை? இன்று கல்முனையில் ஒரு கடைக்காரர், சாய்ந்தமருதில் ஒருவர், நிந்தவூரில் ஒருவர், அட்டாளைச்சேனையில் ஒருவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள், அல்லது உள்ளூர் மொத்தக்கடையில் வாங்குகிறார்கள். 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி லொறிக் கூலி. பெரிய நிறுவனமோ உற்பத்தியாளரிடமே நேரடியாகப் பேசி, தொகையாக வாங்கி, தனது களஞ்சியத்திலிருந்து அனுப்புகிறது. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, கடைக்காரரின் பேராசையில் அல்ல. பத்துக் கடைகள் சேர்ந்து பருப்பும் சீனியும் பால்மாவும் ஒன்றாக வாங்கினால் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சும். முதலுக்கு வட்டிக் கடன் வேண்டியதில்லை. 2011இலிருந்து அமானா வங்கி இருக்கிறது, முஷாரகா என்ற கூட்டு முதலீட்டு முறையை நமது மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. அதை ஜும்ஆவில் கேட்கிறோம், பசாரில் காண்பதில்லை.

தடை எங்கே என்று வியாபாரிகள் சிலரிடம் கேட்டேன். ஒருவரும் பணத்தைச் சொல்லவில்லை. "ஆர் கணக்குப் பாக்கிற?" என்றார் ஒருவர். "அவர்ர கட எனக்கு எதிர்க்கட, அவரோட எப்படிச் சேர்ற?" என்றார் மற்றவர். மூன்றாமவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை வேண்டும் என்பதில் நாம் பிரிந்து நின்ற விதத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பதிலில் ஆச்சரியம் இராது. ஐந்து மைலுக்குள் இருக்கும் ஐந்து ஊர்கள் ஒரு லொறிச் சாமானுக்குச் சேர முடியாது என்றால், ஐந்து நாடுகளில் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் போலும்.

கணக்குப் பார்ப்பது யார் என்ற முதலாவது கேள்வி மட்டும் எனக்கு நியாயமாகவே பட்டது. கூட்டு வியாபாரம் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டாம், அரசியல்வாதியிடம் அறவே வேண்டாம். சம்பளத்துக்கு ஒரு கணக்காளரை, எந்தக் கடைக்காரருக்கும் உறவில்லாதவராக, முடிந்தால் வேறு ஊரிலிருந்து, வேறு சமூகத்தவராக இருந்தாலும் சரி, வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை கணக்கை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கட்டும். தமிழ் வியாபாரிகளும் சேர விரும்பினால் கதவு திறந்திருக்கட்டும். கல்முனைப் பசாரில் வாங்குபவர்கள் நாம் மட்டுமா?

பெரிதாகத் தொடங்கத் தேவையில்லை. நோன்புக்கு முன் பேரீச்சம்பழத்தின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு குறையுமா என்று ஒவ்வொரு வருடமும் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அறவீடு குறைந்தாலும் பழம் நமது கடைக்கு வருவதற்குள் மூன்று கை மாறி, குறைந்தது கரைந்துவிடுகிறது. வருகிற நோன்புக்கு, பத்துக் கடைகள் சேர்ந்து, இறக்குமதியாளரிடம் நேரடியாகப் பேசி ஒரு லொறி பேரீச்சம்பழம் இறக்கிப் பார்க்கட்டும். பக்கற்றில் நிறையும் விலையும் திகதியும் ஒட்டி, பத்துக் கடையிலும் ஒரே விலைக்கு, பெண்கள் தாமே எடுத்துக்கொள்ளும்படி இறாக்கையில் வைக்கட்டும். பற்றுச்சீட்டும் கொடுக்கட்டும். கடனுக்குக் கேட்பவருக்குக் கொப்பியும் இருக்கட்டும்.